அறக்கோட்டமா, சிறைக்கோட்டமா?

சோழ மன்னனிடம் வரம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவள் மணிமேகலை. அதற்கெனத் தனியே ஒரு காதையையே சாத்தனார் தம் காப்பியத்தில் அமைத்துள்ளார். நம் காலத்திலோ அதற்கு நேர்மாறான நிகழ்ச்சியையும் காண்கிறோம். அறத்தின் பெயரால் எழும் காப்பகங்களுள் சில, காலப்போக்கில் சிறைக்கோட்டங்களாகிவிடுகின்றன.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நாம் மறத்தல் ஆகாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோருள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர்; ஓட வழியில்லை. 28 உயிர்கள் மாண்டன. மனநலக் காப்பகங்கள் உரிமம் பெறவேண்டும் என்னும் சட்டம் 1987ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டம் இருந்தது, கேட்பார்தாம் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டதும், அவ்வூரில் இருந்த இத்தகைய காப்பகங்களை அரசு மூடியதும் உயிர்கள் போன பின்னரே. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை விதித்துள்ளது.

எனினும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தைப் பற்றிய செய்தி நாட்டை அதிரவைத்தது. அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரை உறவினர் தேடிச் சென்றபோது அவர் அங்கில்லை. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுக்கப்பட்டது. அதன் பின்னரே அதிகாரிகள் உள்ளே நுழைந்தனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அவ்வில்லத்தின் கதவைத் திறந்தது, தம்மவர் எங்கே என்று கேட்ட ஓர் உறவின் குரல் என்பதை நாம் உன்னிப்பாகக் கருதவேண்டும்.

இக்கேள்வி நமக்குத் தொலைவானது அன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலைக்கும் 1960களில் இளைஞராய் வேலைக்கு வந்தோர் இன்று எண்பதை நெருங்கியவர், கடந்தவர். பிள்ளைகளோ வெளியூரிலும் வெளிநாட்டிலும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தோர் ஆவர். பூவிருந்தவல்லி, ஆவடிப் பகுதிகளில் முதியோர் இல்லங்கள் தேவைப்படுவதில் வியப்பில்லை.

பெற்றோரை இல்லத்தில் விடுவதே இழிவு என்று ஊர் பழிக்கிறது. நினைவு தப்பிய தந்தையை, படுக்கையில் வீழ்ந்த தாயை, இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பம் ஒன்று இரவும் பகலும் காத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஊர்ப்பழிக்கு அஞ்சிச் சேர்த்தவர் அதனை மறைக்கின்றனர். மறைப்பவர் அடிக்கடி சென்று பார்ப்பதில்லை. பார்ப்பவர் இல்லாத இடத்தில் பராமரிப்பும் தளர்கிறது. நமது பழிச்சொல்லே முதியோரின் காவலைப் பறிக்கிறது எனலாம். சேர்த்தல் குற்றமன்று; சேர்த்தபின் மறத்தலே குற்றம்.

நம் ஈகையிலும் ஒரு குறை உண்டு. பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் இல்லங்களுக்கு உணவளிக்கிறோம். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். சோறு குறைவின்றிக் கிடைக்கிறதா என்று கேட்கும் நாம், இரவில் விழித்திருப்பவர் யார் என்று கேட்பதில்லை. எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? வெளிவாயிலின் சாவி யாரிடம்? கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? மருத்துவர் வந்துபோன நாள் ஏட்டில் எழுதப்பட்டுள்ளதா? புரள இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப்புண் தோன்றும். வாய் பேசாதவர்க்கு அப்புண்ணே வாய். சதகா கொடுக்கும் கைக்கு இவற்றைக் கேட்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

இவ்வாறு கேட்டால், பொருள்வசதியின்றித் தொண்டுள்ளத்தோடு நடத்தும் சிறு இல்லங்கள் மூடப்பட்டுவிடுமே என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றிலும் தவறன்று. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டபோது அங்கிருந்தோர்க்கு வேறிடம் காணவேண்டிய நிலை எழுந்தது. ஆயினும் எரியும் விளக்கு, எளிதில் திறக்கும் கதவு, விழித்திருக்கும் ஓர் ஆள் ஆகிய மூன்றும் பெருஞ்செல்வம் வேண்டுவன அல்ல. இயலாத இல்லத்திற்கு இரவுப் பணியாளரின் ஊதியத்தை நாமே ஏற்கலாமே! ஒருநாள் விருந்தினும் அது சிறந்த அறமன்றோ?

மாணவச் செல்வங்களே! நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கொரு முறை முதியோர் இல்லம் சென்று வருகிறீர்கள். அதனை மாற்றி, கல்லூரிக்கு அருகிலுள்ள ஓர் இல்லத்தைத் தேர்ந்து வாரந்தோறும் செல்லுங்கள். செய்தித்தாள் படித்துக் காட்டுங்கள்; கடிதம் எழுதிக் கொடுங்கள்; ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழையுங்கள். சென்ற வாரம் இருந்தவர் இவ்வாரம் இல்லையெனில், எங்கே என்று கேளுங்கள். நல்ல இல்லம் இக்கேள்வியை வரவேற்கும். கேள்வியை வெறுக்கும் இல்லத்தைப் பற்றி மாவட்டச் சமூகநல அலுவலர்க்கு எழுதுங்கள்.

சமுதாயப் பெரியோர்களே! நன்கொடை வழங்கும்போதே சென்று காணும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மதிலின் உயரமும் பெயர்ப்பலகையின் அழகும் ஓர் இல்லத்தை அறக்கோட்டமாக்குவதில்லை. முன்னறிவிப்பின்றி வருவோர்க்கும் திறக்கும் கதவே அதனை அறக்கோட்டமாக்கும்.