டெயில் லைட் எரியுதான்னு கடைசியா எப்போ பார்த்தீங்க?

ஹெட்லைட் போனால் அன்று இரவே தெரிந்துவிடும். டெயில் லைட் போனால், ஓட்டுபவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். சிக்னலில் யாராவது கண்ணாடியைத் தட்டி, "சார், பின்னாடி லைட் எரியல" என்று சொல்லும்வரை நமக்குத் தெரியாது.

80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. இருட்டில் நம் கார் இருப்பது இரண்டு நொடி தாமதமாகத் தெரிந்தால், 44 மீட்டர் போச்சு. அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது பல கார்களில் வெறும் 5 வாட் வெளிச்சம். அதனால்தான் சொல்கிறேன்: டயரில் காற்று பார்ப்பதுபோல இதையும் நாமே பார்க்க வேண்டும். சர்வீஸ் தேதி வரட்டும் என்று விடக் கூடாது.

முதலில் சுவிட்ச்

பல புதிய கார்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முன்னால் டி.ஆர்.எல். எரியும், டேஷ்போர்டும் பளிச்சென்று இருக்கும். தெருவிளக்கு வேறு இருக்கும். லைட் போட்டாச்சு என்று நினைத்துக் கிளம்பிவிடுவோம். ஆனால் டி.ஆர்.எல். எரிந்தாலும் பல கார்களில் டெயில் லைட் எரியாது. சுவிட்சைத் திருப்பினால்தான் எரியும். இந்தக் குழப்பத்தில் கார் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு பக்கம் மட்டும் எரியலையா?

பெரும்பாலும் பல்ப்தான். பல கார்களில் ஒரே பல்பில் இரண்டு இழை இருக்கும்: பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். எனவே பிரேக் லைட் எரிகிறது என்பதற்காக பல்ப் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. புது பல்ப் போட்டும் எரியாவிட்டால், ஹோல்டரில் பச்சைத் துரு இருக்கிறதா பாருங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? எர்த் சரியில்லை.

இரண்டு பக்கமும் போச்சா?

ஃப்யூஸைப் பாருங்கள். சில கார்களில் இடது, வலதுக்குத் தனித்தனி ஃப்யூஸ் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். எல்லா பிரேக் லைட்டும் எரியாவிட்டால், ஃப்யூஸோடு பெடலுக்கு மேலே உள்ள பிரேக் சுவிட்சும் சந்தேகப் பட்டியலில் வரும். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 15 போடவே கூடாது; ஒயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட். அது எலக்ட்ரீஷியன் வேலை.

எல்.இ.டி. என்றால் பெரும்பாலும் பல்ப் மட்டும் மாற்ற முடியாது; முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள். பணம் கொடுக்கும் முன், "கனெக்டரையும் எர்த்தையும் பார்த்தாச்சா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

தனியாகப் பார்ப்பது எப்படி?

இரவில் சுவரை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தி, லைட்டைப் போடுங்கள். பிறகு பிரேக் மிதியுங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும். மாதம் ஒரு முறை, ஒரே நிமிடம்.

இன்னொன்று. முன்னால் போகும் வண்டியில் லைட் இல்லையா? திட்டிக்கொண்டே ஓவர்டேக் பண்ணாதீங்க. சிக்னலில் சொல்லிட்டுப் போங்க. அவருக்கு அதை நேரில் சொல்ல நம்மை விட்டால் ஆள் இல்லை.