"அரை மாத்திரைதானே?"



எங்கள் ஆனையூர்ப் பக்கம் ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. படபடப்பு, தூக்கமில்லை என்றால் பக்கத்து வீட்டாரின் காலி அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் அல்பிரசோலம் வாங்கிவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான். கேட்டால், "அரை மாத்திரைதானே சார்!"

இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். ராத்திரி எழுந்து நடக்கையில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழியை வயதின் மேல் போடுகிறோம். டில்டியாசம் என்ற பிரஷர் மருந்து, அல்பிரசோலம் உடலில் கரைந்து கழிவதைத் தாமதப்படுத்தும், மயக்கம் நீளும். படபடப்புக்குத் தரும் புரோப்ரனலாலும் பிரஷர் மருந்துதான். அட்டெனலால் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

சட்டம் இல்லாமலா? 2014 மார்ச் முதல் அல்பிரசோலம் எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயரும் மருத்துவர் பெயரும் பதிந்த ஏட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டுக் கேட்காத கடைக்காரர் செய்வது உதவியல்ல, குற்றம். "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்காமல் எழுதித் தரும் மருத்துவரும் கடமை தவறியவரே.

இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அப்பா, அம்மா சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளே, இன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.