ஃபிட்டா இருந்தா மாரடைப்பு வராதா?

அலெக்சாண்டர் டாலே ஓன். நார்வே நீச்சல் வீரர். 2011 ஷாங்காய் உலகப் போட்டி, 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் தங்கம். மூன்று நாள் முன்புதான் அவர் நாட்டில் 77 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஜெயித்ததும் தொப்பியிலிருந்த தேசியக் கொடியைச் சுட்டிக் காட்டினார்.

2012 ஏப்ரல் 30. அமெரிக்காவில் பயிற்சி முகாம். குளியலறையில் சரிந்தார். வயது 26. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது: இதய ரத்தக்குழாய் நோய்.

'சின்ன வயசு, ஜிம் போற உடம்பு, வாயுவாத்தான் இருக்கும்'னு சோடா குடிச்சிட்டுப் படுக்கிறீங்களே, உலக சாம்பியனை விடவா நீங்க ஃபிட்?

உடற்பயிற்சியை விடச் சொல்லலை. அது கவசம் மட்டும்தான், வரம் இல்லை. வீட்டில் யாருக்காவது இளவயசிலேயே மாரடைப்பு வந்திருந்தா கொலஸ்ட்ரால், பிபி, சர்க்கரை பாருங்க. நெஞ்சு வலியோட வியர்த்தா சோடா கடைக்குப் போகாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.