பழைய கணிப்பொறிக்கும் இணையத்தில் இடம் உண்டு

சட்டைப் பையில் அடங்கும் செல்பேசியிலேயே இணையம் கிடைக்கும் இந்நாளில், நாற்பது வயதைக் கடந்துவிட்ட ஒரு வீட்டுக் கணிப்பொறியை இணையத்தில் சேர்க்கச் சிலர் இரவு பகலாக முயல்கிறார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். மாட்டு வண்டியை நான்கு வழிச் சாலையில் ஓட்டுவது போன்ற வேலை என்று நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இணையம் எப்படி இயங்குகிறது என்பதை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போமா? நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கணிப்பொறியைக் கொண்டுவந்த ‘கிளாஸ்’ திட்டம் 1984-ல் தொடங்கியது. முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு ‘பிபிசி மைக்ரோ’ என்ற கணிப்பொறி வழங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட இயந்திரம் அது. அதன் ‘பி’ வகையின் நினைவகம் 32 கிலோபைட். அதன் மூளையான 6502 என்னும் சில்லு, நொடிக்கு 20 லட்சம் துடிப்பில் இயங்கும். கூட்டவும் கழிக்கவும் அதற்குத் தெரியும்; பெருக்குவதற்கென்று ஒரு கட்டளைகூடக் கிடையாது! இன்றைய செல்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தைக்கூட அதன் நினைவகம் தாங்காது.

இப்படிப்பட்ட ஏழை இயந்திரம் இணையத்தில் எப்படிப் பேசும்? இணையத்தின் அடிப்படை விதிமுறையான டிசிபி/ஐபி இன்றுள்ள வடிவில் ஏட்டில் வந்ததும் அதே 1981-ல்தான், செப்டம்பர் மாதத்தில். இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள்.

அந்த விதிமுறையைப் புரிந்துகொள்ள மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். கோவையிலுள்ள நண்பருக்கு ஒரு தடித்த நூலை அனுப்ப வேண்டும். ஆனால் ஒரு பேருந்தில் பத்துப் பக்கங்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? பத்துப் பத்துப் பக்கங்களாகப் பிரித்து உறையிலிட்டு, ஒவ்வோர் உறையின் மேலும் முகவரியும் வரிசை எண்ணும் எழுதி ஏற்றிவிடுவீர்கள். ஒட்டன்சத்திரம் வரை ஒரே சாலை. அங்கிருந்து ஒரு பேருந்து பழனி, உடுமலை வழியாகவும், இன்னொன்று தாராபுரம், பல்லடம் வழியாகவும் போகும். பின்னால் புறப்பட்டது முன்னால் போய்ச் சேரலாம்; ஓர் உறை வழியில் தொலைந்தும் போகலாம். நண்பர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொண்டு, ‘இந்த எண் வரை வந்து சேர்ந்தது’ என்று பதில் எழுதுவார். உரிய நேரத்தில் பதில் வராத உறையை நீங்கள் மறுபடி அனுப்புவீர்கள். இணையத்தில் செய்தி பயணம் செய்வதும் இவ்வாறே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நண்பர் தம் ஒவ்வொரு பதிலிலும், ‘என் மேசையில் இனி இத்தனை பக்கங்களுக்குத்தான் இடம் இருக்கிறது’ என்றும் எழுதுவார். அனுப்புபவர் எவ்வளவு பெரிய ஆளாயினும் அதற்குமேல் அனுப்பக்கூடாது. வேகம் குறைந்தவன் தன் வேகத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை அது. நம் பிபிசி மைக்ரோ ‘எனக்கு 256 பைட்’ என்று சொன்னால், மறுமுனையில் இருக்கும் பெரிய கணிப்பொறி அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

இந்த உரிமையைப் பயன்படுத்திக் காட்டியவர் ஆடம் டங்கல்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர். இவர் எழுதிய மென்பொருள், சில ஆயிரம் பைட் நிரலும் சில நூறு பைட் நினைவகமும் கொண்டு டிசிபி/ஐபி முழுவதையும் நடத்தியது. 2003-ல் இவர் வெளியிட்ட ‘கான்டிக்கி’ இயக்க மென்பொருள், 1982-ன் கமடோர் 64 வீட்டுக் கணிப்பொறியில் வலைப்பக்கத்தையே திறந்து காட்டியது. வெறும் விளையாட்டு என்று சிலர் ஒதுக்கினார்கள். பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? வெப்பம், ஈரப்பதம் முதலியவற்றை அளந்து அனுப்பும் சின்னஞ்சிறு உணர்விகளுக்கு அதே கான்டிக்கி உலகெங்கும் பயன்பட்டது. சோழவந்தானில் ஒரு வயலில் பதித்த மலிவான சில்லு, மண் காய்ந்துவிட்டது என்று விவசாயிக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், அதற்கும் நினைவகம் குறைவுதானே!

இப்போது என் நிபந்தனைக்கு வருகிறேன். பழைய கணிப்பொறிக்கென்று ‘வைஃபை மோடம்’ என்ற சிறு அட்டை விற்கிறார்கள். பெரும்பாலும் அதனுள் இருப்பது 2014-ல் வந்த இஎஸ்பி 8266 சில்லு. அது 32 பிட் சில்லு. நொடிக்கு 8 கோடி துடிப்பு! பழைய இயந்திரம் எழுத்துகளை வாங்கித் திரையில் காட்டுவதோடு சரி. பிரிப்பது, எண்ணிடுவது, மறுபடி அனுப்புவது எல்லாம் அட்டையின் வேலை. 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது குறைந்த கட்டணத்தில் தந்த எழுத்து மட்டும் வரும் இணைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். உண்மையில் இணையத்தில் இருந்தது விஎஸ்என்எல் கணிப்பொறியே. இதைப் பொழுதுபோக்காகச் செய்யலாம், தவறில்லை. ஆனால் பல்லக்கில் போனவர் நடந்து வந்தேன் என்று சொல்லலாமா? படிப்புக்காகச் செய்பவர், விதிமுறையைப் பழைய இயந்திரத்திலேயே நடத்த வேண்டும் என்கிறேன்.

அப்படிச் செய்தாலும் எல்லாத் தளங்களையும் பார்த்துவிட முடியாது. இன்று பெரும்பாலான தளங்கள் செய்தியைப் பூட்டி அனுப்புகின்றன. அந்தப் பூட்டைத் திறக்க மிகப் பெரிய எண்களைப் பெருக்க வேண்டும். பெருக்கலே தெரியாத 6502 அதற்குத் திணறிவிடும். இந்தத் தடை நியாயமானது. பூட்டில்லாத அந்த இயந்திரத்தில் உங்கள் கடவுச்சொல்லை ஒருபோதும் தட்டாதீர்கள். மற்றொரு தடை அவ்வளவு நியாயமானதல்ல. நொடிக்கு 960 பைட் வரும் கம்பியில், 20 லட்சம் பைட் உள்ள ஒரு வலைப்பக்கம் வந்து சேர ஏறத்தாழ 35 நிமிடம் ஆகும். அப்பக்கத்தில் நீங்கள் படிக்கும் செய்தி சில ஆயிரம் பைட்டுக்கு மேல் இராது. மீதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். (நம் தமிழையும் இடையில் சொல்லிவிடுகிறேன்: ‘மதுரை’ என்ற சொல்லுக்கு யூனிகோட் முறையில் 15 பைட் ஆகிறது. அது பெருஞ்சுமை அல்ல. பழைய இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்தின் வடிவங்களை நாமே வரைந்து கொடுப்பதுதான் பெரும்பாடு.)

பழைய இயந்திரத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? பிபிசி மைக்ரோவைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; அதில் தொடங்கலாம். உண்மையான இயந்திரம் கிடைத்தால், அதன் மின்வழங்கிப் பெட்டியை ஆசிரியர் துணையின்றித் திறக்க வேண்டாம்.

தொடங்கச் சிறந்த இடம் ‘ஸ்லிப்’ என்ற சிறு விதி. 1988-ல் ஏட்டில் வந்த இது, கம்பியில் ஓர் உறை எங்கே முடிகிறது என்று காட்டுவது. உறை முடிந்ததும் 192 என்ற எண்ணை அனுப்ப வேண்டும். செய்திக்குள்ளேயே 192 வந்துவிட்டால் அதற்குப் பதில் 219, 220 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். செய்தியில் 219 வந்தால் 219, 221. விதி இவ்வளவுதான். இனி நீங்கள் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 65, 192, 219, 66 என்னும் நான்கு எண்கள் கொண்ட செய்தியைக் கம்பியில் அனுப்ப வேண்டும். முடிவைக் காட்டும் எண்ணையும் சேர்த்து ஏழு எண்கள் வரும். அவை எவை?