பிரசவ வார்டுக்குள் போகுமுன் சொல்லிக்கொடுங்கள்

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானதும் அரசின் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்குவதிலிருந்து ஸ்கேன், தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, வளைகாப்பு வரை எல்லாம் வரிசையாக நடக்கின்றன. இடுப்புவலி எடுத்தால் உடம்புக்குள் என்ன நடக்கும், எப்போது முக்கலாம், எப்போது முக்கக் கூடாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. "அங்கே போனால் தானாகத் தெரியும்" என்று வீட்டில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணோ பயத்தோடுதான் உள்ளே போகிறாள்.

இந்தப் பயத்தை ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே பார்த்தவர் பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட். பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மறுபடி பயத்தை வளர்க்கிறது என்று 1933இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். பிரெஞ்சு மருத்துவர் பெர்னாண்ட் லமாஸ் 1951இல் சோவியத் நாட்டுக்குப் போய், மருந்தில்லாமல் மனப்பயிற்சியால் வலியைச் சமாளிக்கும் முறையைப் பார்த்துத் திரும்பினார். அதை அவர் முதலில் நடைமுறைப்படுத்தியது பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனையில். இன்று நம் நகரங்களில் கட்டண வகுப்பாக விற்கப்படும் பயிற்சி, தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்காக நடந்த ஒன்று என்பதை மறக்கக் கூடாது.

கற்றுக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. பிரசவ வலி விட்டுவிட்டுத்தான் வரும். வலி முற்றிய நேரத்திலும் ஒவ்வொரு அலையும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். பிறகு ஓர் இடைவெளி. வலி வரும்போது நிதானமாக மூச்சை இழுத்து நீளமாக விடுவது, இடைவெளியில் தோளையும் தாடையையும் தளர்த்தி ஓய்வெடுப்பது, முடிந்தவரை நடப்பது, பக்கவாட்டில் சாய்வது: இவ்வளவையும் முன்கூட்டியே பழகியிருந்தால் அந்த நேரத்தில் உடம்பு அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். நடைப்பயிற்சி, குந்தி எழுவது, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களுக்கு எல்லாப் பயிற்சியும் ஒத்துவராது.

மூச்சுப் பயிற்சியையும் தளர்வுப் பயிற்சியையும் உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. பிரசவம் முழுக்க யாராவது ஒருவர் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரமும் குறைகிறது என்று 15,000க்கும் அதிகமான பெண்களைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரன் அறிக்கை 2017இல் சொன்னது. ஆனால் உள்ளே துணைக்கு வரும் தாயோ மாமியாரோ என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அவரே பதறினால் பிரசவிக்கும் பெண் என்ன செய்வாள்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இதற்குப் பயம் மட்டுமே காரணமில்லை. பயிற்சி எடுத்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று வாக்குறுதி தருபவர்களை நம்பவும் வேண்டாம். சிசேரியன் பல உயிர்களைக் காக்கிறது. அதைச் செய்துகொண்டவளோ வலி மரத்துப்போக ஊசி கேட்டவளோ எதிலும் தோற்றவள் அல்ல.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை நாளில் கர்ப்பிணிகள் நெடுநேரம் காத்திருக்கிறார்கள். அதில் அரைமணி நேரத்தை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்க அரசு உத்தரவிட வேண்டும். துணைக்கு வரப்போகிறவரையும் உட்காரவைத்து, பிரசவ வார்டை ஒருமுறை சுற்றிக்காட்ட வேண்டும். அதுவரை, எட்டாம் மாதத்தில் இருக்கும் பெண்கள் அடுத்த பரிசோதனையின்போது செவிலியரிடம் நேராகவே கேளுங்கள்: வலி வந்தால் நான் எப்படி மூச்சு விட வேண்டும், யாரைக் கூட வைத்துக்கொள்ளலாம்?