பெயர் தெரியாத விரல்கள்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி. ஒரு கிதார் கலைஞருக்கு ரசிகர்கள் உண்டாவதும் இப்படித்தான். முதலில் ஓசை வருகிறது. மனம் அதில் சிக்கிக்கொள்கிறது. "இதை வாசித்தவர் யார்?" என்ற கேள்வி பல நாள் கழித்தே எழுகிறது. நம்மில் பலருக்கு அந்தக் கேள்வி எழுவதே இல்லை. மணியோசையைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, யானையைப் பார்க்காமலே வீட்டுக்குள் போய்விடுகிறோம். இது முறையா என்று எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலிருந்து பள்ளிக்கு வருகிறவர்கள். எங்கள் பகுதியில் ஓசைக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், காசிமேட்டு விசைப்படகுகள், ஆலைச் சங்கு, ரயில், கடல் எல்லாம் சேர்ந்து இரவும் பகலும் முழங்கிக்கொண்டே இருக்கும். இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் ஷேர் ஆட்டோவில் ஒலிக்கும் ஒரு பாட்டின் கிதார் நம் காதைப் பிடித்து இழுக்கிறது என்றால், அந்த விரல்களில் ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

அண்ணன் தம்பிகள் கச்சேரிக்குப் போகிறார்கள். கலைஞரை மேடையில் கண்ணால் பார்த்து ரசிகர்கள் ஆகிறார்கள். பெண் பிள்ளைகளான எங்களுக்கு இரவுக் கச்சேரி எட்டாத ஒன்று. நாங்கள் சுவரைத் தாண்டி வருவதைத்தான் கேட்கிறோம். டீக்கடையிலிருந்தும், பக்கத்து வீட்டிலிருந்தும், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் பாடகர் குழுவிடமிருந்தும் கிதார் எங்களை வந்தடைகிறது. ஆகவே கலைஞரின் முகத்தையோ உடையையோ பார்த்து மயங்க எங்களுக்கு வழியே இல்லை. வாசிப்பு நன்றாக இருந்தால் மட்டுமே எங்களுக்குப் பிடிக்கும். இதை நாங்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை.

கிதார் எங்கள் தெருக்களுக்குப் புதியதும் அன்று. ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளில் அது முன்பே ஒலித்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, வழிபாட்டில் மக்களின் மொழிக்கும் இசைக்கும் இடம் கிடைத்தது. அதன்பின் கிதார் பல ஆலயங்களில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்திலேயே அமர்ந்துவிட்டது.

மேலை நாட்டு ராக் இசையில் கிதார் கலைஞர் மேடையின் முன்வரிசையில் நிற்பார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற பெயரைச் சொன்னாலே கிதார்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டிலோ இசை என்றாலே பெரும்பாலும் திரைப்பாட்டு. அங்கே கிதார் வாசித்தவர் ஒலிப்பதிவுக் கூடத்தின் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தார். 1964ஆம் ஆண்டு வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒரு பாட்டு ஒலிப்பதிவாகும் காட்சி உண்டு. மெல்லிசை மன்னர் விசுவநாதனையும் வாத்தியக் குழுவையும் அதில் திரையிலேயே காணலாம். அந்த முகங்களை இன்றும் நாம் பார்க்கிறோம். ஆனால் அவர்களுள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

எங்கள் பெற்றோர் காலத்துப் பாட்டு ஒன்றையும் பார்ப்போம். 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? இசை இளையராஜா, பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், எழுதியவர் வைரமுத்து, நடித்தவர் மோகன் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்தப் பாட்டின் உயிர்போல ஓடும் கிதாரை வாசித்தவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவர் பெயர் ஆர். சந்திரசேகரன். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர். அதே குழுவில் சதானந்தம் என்ற இன்னொரு சிறந்த கிதார் கலைஞரும் இருந்தார். பல ஆண்டுகளாக இலட்சக்கணக்கான மக்கள் இவர்கள் விரல்களுக்கு ரசிகர்களாக இருந்திருக்கிறார்கள், யாருக்கு ரசிகர்கள் என்று தெரியாமலே!

இளையராஜாவே இசையமைப்பாளர் ஆகும் முன் சலீல் சௌத்ரி போன்றோரின் இசைக்குழுவில் கிதார் வாசித்தவர்தாம். 1976இல் 'அன்னக்கிளி' வந்திராவிட்டால் அவர் பெயரும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும் அல்லவா?

இந்த நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்திருக்கிறது. 1990களில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடா உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சாகத் தொடங்கின. சிறிய எழுத்துதான். ஆனாலும் பாட்டைக் கேட்டவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். ஓசைக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு பாலம் கிடைத்தது. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. எங்கள் தெருக்களின் கானாவும் பறையும் ராக் கிதாரும் அங்கே ஒரே வரிசையில் நின்றன. கிதார் வாசித்த சாகிப் சிங்கை மக்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். அக்குழுவில் பாடிய இசைவாணி நம் ராயபுரத்துப் பெண். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம் பெற்றார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

"ரசிகர் என்றாலே வீண் வேலை; கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதும் விசில் அடிப்பதும்தானே!" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் கவலை நியாயமானதே. ஆனால் ரசனையில் இரண்டு வகை உண்டு. ஒருவர் முகத்தைக் கொண்டாடுவது ஒரு வகை. அவருடைய உழைப்பைக் கவனிப்பது இன்னொரு வகை. கிதாரை விரும்புகிறவர்கள் ஒரே பாட்டைப் பத்து முறை கேட்பார்கள். எந்த இடத்தில் தந்தி இழுபடுகிறது, எந்த இடத்தில் ஓய்கிறது என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். மின்கிதாரின் தந்தி அதிர்வதைக் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து மின்சாரமாக மாற்றுகின்றன என்று அறியும்போது, இயற்பியலில் படித்த மின்காந்தத் தூண்டல் தானாகவே புரிகிறது. வாசிக்கத் தொடங்கினாலோ முதல் சில வாரம் விரல் நுனி வலிக்கும். பிறகு காய்த்துப் போகும். பொறுமையைக் கற்றுத் தரும் இந்த ரசனை எப்படி வீணாகும்?

"பெண் பிள்ளைக்குக் கிதார் எதற்கு?" என்றும் சில வீடுகளில் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். 1915இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். துறவி அல்லர், அவருடைய சபையில் பெண்களைச் சகோதரி என்று அழைப்பது வழக்கம். சிறுமியாக இருந்தபோதே ஆலயத்தில் கிதார் வாசித்துப் பாடினார். ராக் இசை என்று ஒன்று பெயர் பெறும் முன்பே மின்கிதாரில் அதற்கு வழி அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1964 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் வராத ஒரு பழைய நிலையத்தின் நடைமேடையில் நின்று மழை ஈரத்தில் அவர் வாசித்தார். எதிர் நடைமேடையில் அமர்ந்து மக்கள் கேட்டார்கள். 1856 முதல் இருந்துவரும் நம் ராயபுரம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் அப்படிக் கிதாரோடு நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்! 1973இல் மறைந்த அவருக்கு, ராக் இசைக் கலைஞர்களுக்கான புகழ்க்கூடத்தில் 2018இல்தான் இடம் கிடைத்தது. பெயர் வந்து சேர அத்தனை ஆண்டுகள் ஆயின.

வாசித்தவர்களின் பெயரைச் சொல்வது புதுமையான கோரிக்கை அன்று. திருவிவிலியத்தில் குறிப்பேடு முதல் நூலின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீது அரசர் ஆண்டவரின் இல்லத்தில் யாழும் சுரமண்டலமும் கைத்தாளமும் இசைக்க ஏற்படுத்தியவர்களின் பெயர்கள் குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டிருக்கின்றன. பயிற்சி பெற்ற அவர்களின் தொகை 288 என்றும் கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவு பழங்காலத்திலேயே இசைக்கருவி மீட்டியவரின் பெயரை மறக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

ஆகவே அருட்சகோதரியரையும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் நாங்கள் கேட்டுக்கொள்வது இரண்டே. ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் பாடியவர், ஆடியவர் பெயர்களோடு, திரைக்கு ஓரமாக அமர்ந்து கிதாரும் தபேலாவும் கீபோர்டும் வாசித்தவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள், ஒலிபெருக்கியில் வாசியுங்கள். அடுத்து, ஒவ்வொரு வீட்டாலும் கிதார் வாங்க முடியாது. பாடகர் குழுவில் உள்ள கிதாரைச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், விரும்புகிற மாணவியர் கையில் கொடுங்கள்.

தோழியரே, நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஒரு பாட்டின் கிதார் மனத்தை இழுத்தால், அதை வாசித்தவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து இன்னொருத்திக்குச் சொல்லுங்கள். நம் காதுகளை மகிழ்விக்கப் பாடுபட்ட விரல்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.