ஒரு யூனிட் கூட வரவில்லை, தம்பி

நேற்று நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே பார்வர்டு. "அமெரிக்காவில் செயற்கைச் சூரியன் வந்தாச்சு, கதிரியக்கமே இல்லாத மின்சாரம், இனி கூடங்குளம் எதற்கு?" என்று. கீழே வரிசையாகக் கைதட்டல். தட்டியதில் பாதிப் பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் கோபம்.

கூடங்குளம் வேண்டுமா வேண்டாமா என்று பேச நான் வரவில்லை. எதிர்ப்பவர்களிடம் நியாயமான கேள்விகள் உண்டு. எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது என்பது முதல் கேள்வி. ஆனால் இல்லாத ஒன்றைக் காட்டி இருப்பதை மூடச் சொல்வது என்ன வாதம்?

அந்தச் செய்தி 2022 டிசம்பரில் நடந்தது. கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகளால் மிளகளவு எரிபொருள் உருண்டையை நசுக்கினார்கள். லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15. மகத்தான சாதனை, தலைவணங்குகிறேன். ஆனால் நம் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். வந்தது ஒரு யூனிட் கூட இல்லை! அதுவும் மின்சாரமாக வரவில்லை. அந்த லேசர்களை இயக்க இழுத்த மின்சாரமோ ஏறத்தாழ 300 மெகாஜூல், எண்பது யூனிட்டுக்கு மேல். பிறகு வெளிவரும் அளவு கூடியிருக்கிறது. கணக்கு இன்னும் நஷ்டத்தில்தான்.

தப்பில் எனக்கும் பங்குண்டு. "வேறுபடுத்துக" என்று இரண்டு கட்டம் போட்டு, கனமான அணுக்கரு உடைந்தால் பிளவு, லேசானவை சேர்ந்தால் இணைவு என்று எழுதவைத்தேன். மணி அடித்துவிட்டது. உடைத்தாலும் ஆற்றல், சேர்த்தாலும் ஆற்றல், அது எப்படி சார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரும்பை ஒட்டிய நடுத்தர அணுக்கருக்கள்தான் மிக இறுக்கமாகக் கட்டுண்டவை. யுரேனியம் உடைந்து அந்த இறுக்கத்தை நெருங்குகிறது, ஹைட்ரஜன் சேர்ந்து நெருங்குகிறது. இரண்டிலும் குறையும் நிறைதான் ஆற்றல்.

நான் கட்டத்தில் எழுதாத வேறுபாடு மூட்டுவதிலும் அணைப்பதிலும் இருக்கிறது. யுரேனியம் 235-ஐ உடைக்க ஒரு நியூட்ரான் போதும். அதற்கு மின்னூட்டம் இல்லை, அணுக்கரு அதைத் தள்ளாது. உடையும்போது இரண்டு மூன்று நியூட்ரான் வெளியே வந்து அடுத்ததை உடைக்கும். 1938 கடைசியில் கண்டுபிடித்தார்கள், 1942-லேயே சிகாகோவில் உலை ஓடிவிட்டது. தொல்லை அணைத்த பிறகு. பிளவுத் துண்டுகள் சுட்டுக்கொண்டே இருக்கும். 2011-ல் புகுஷிமாவில் தொடர்வினை நின்றுதான் போயிருந்தது. மிச்சச் சூட்டை ஆற்ற வழியில்லாமல் உலைகள் உருகின.

இணைவில் இரண்டு பக்கமும் நேர்மின். ஒன்றையொன்று தள்ளும். அதை மீற உலையில் 10 கோடி டிகிரிக்கு மேல் வேண்டும். கொஞ்சம் ஆறினாலும் அணைந்துவிடும். பாதுகாப்புதான், ஆனால் மூட்டவே படாத பாடு!

"கதிரியக்கமே இல்லை" என்பதும் பொய். எரிபொருளில் பாதியான டிரிட்டியம் கதிரியக்கமுள்ளது, அரை ஆயுள் 12 ஆண்டுக்கு மேல். வெளிவரும் நியூட்ரான்கள் உலைச் சுவரையே கதிரியக்கமாக்கும். பிளவுக் கழிவு போல நெடுங்காலத் தொல்லை இல்லை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

இந்தியாவும் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஐட்டர் உலை முழுதாக ஓடினாலும் அதிலிருந்து ஒரு பல்பு எரியாது. மின்சாரம் எடுப்பது அதன் திட்டத்திலேயே இல்லை.

பார்வர்டு போட்ட தம்பி, அதை அழிக்காதே. அதன் கீழேயே 3.15, 300 என்ற இரண்டு எண்ணையும் எழுதிப் போடு.